கரண்ட் வயரில் வரும் கதை

"தம்பி, அந்தப் பெட்டியில மட்டும் கை வையாதேங்கோ."

சுவரோரம் குந்தியிருந்த நஸ்ரி, பிளக்கைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தான். கதிரையில் இருந்த குலசிங்கத்தின் முகத்தில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"ஐயா, உங்கட மகள்தானே கனடாவில இருந்து எங்கட கடைக்குப் போன் எடுத்துச் சொன்னாங்க? பழைய பெட்டி ரெண்டையும் கழற்றிப்போட்டு, புது வைஃபை பூட்டச் சொல்லி."

"அவளுக்கென்ன தெரியும்? இது என்ர மகன் கிருஷாந்த் பூட்டினது."

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் பழைய வீடு அது. சுவர்கள் கோட்டைச் சுவர் போலத் தடிப்பு. கூடத்து வைஃபை மாடிக்கு ஏறவே ஏறாது. கெட்டிக்காரப் பையன் என்ன செய்தான்? வீட்டுக் கரண்ட் வயரையே நெட் வயராக்கிவிட்டான். கூடத்தில் ஒரு பெட்டி, மாடியில் அவன் அறையில் ஒரு பெட்டி. இரண்டையும் பிளக்கில் செருகினால் போதும், மாடிக் கொம்பியூட்டரில் தட்டுவது கூடத்துக் கொம்பியூட்டரில் வந்து நிற்கும். பிறகென்ன, துரை படி இறங்குவதே இல்லை. 'அம்மா, தேத்தண்ணி' என்று மேலேயிருந்து தட்டிவிடுவான். அம்மாவும் கோப்பையோடு ஏறி ஓடுவார். அப்படியொரு செல்லம்!

இரண்டு வருடத்துக்கு முன் கூட்டாளிகளோடு குச்சவெளிப் பக்கம் கடலுக்குப் போனான். வள்ளம் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதனால் சுவரில் இருந்த அவன் படத்துக்கு இன்னும் யாரும் மாலை போடவில்லை.

குலசிங்கம் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இந்தக் கொம்பியூட்டரில இப்பவும் அவன்ர பேரில மெசேஜ் வருது, தம்பி. 'அப்பா, மருந்து குடிச்சனீங்களோ?' எண்டு நேற்றும் வந்தது."

நஸ்ரிக்குக் கை மயிர் குத்திட்டது.

"சீச்சீ, பயப்பிடாதேங்கோ. எழுதுறது என்ர மனுசி. அவ மேல அறை கூட்டப் போற நேரம் பார்த்துத்தான் அது வரும். பாவம், என்னைத் தேற்றத்தான் எழுதுறா. நானும் தெரிஞ்ச மாதிரிக் காட்டுறேல்ல. பெட்டியைக் கழற்றினா மனுசி உடைஞ்சுபோயிடுவா."

நஸ்ரி பிளக்கை விட்டுவிட்டு எழுந்தான். "சரி ஐயா, கழற்றல்ல. மேல இருக்கிறது சூடாகுதா எண்டு மட்டும் பார்த்திட்டு வாறன்" என்று மாடிக்கு ஏறினான்.

பின்னாலேயே தேத்தண்ணியோடு குலசிங்கத்தின் மனைவி இராசமலர் வந்தார். வாசலில் நின்று கீழே ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"தம்பி, கழற்றிப்போடாதேங்கோ. பிள்ளையின்ர பேரில இவர் கீழ கொம்பியூட்டருக்கு எனக்கு எழுதுறவர். 'அம்மா, இண்டைக்கு என்ன கறி?' எண்டு கேட்பார். மத்தியானம் இவர் இஞ்ச வந்து படுக்கிற நேரம் பார்த்துத்தான் வரும். நான் தெரியாத மாதிரி இருக்கிறன். அதையும் நிப்பாட்டினா இந்த மனுசன் தாங்க மாட்டார்."

நஸ்ரி கோப்பையை வாங்கிக்கொண்டே கேட்டான்.

"அப்ப... நீங்க ஒண்டும் எழுதுறல்லையா, அம்மா?"

"நானோ? நல்ல கதை! கீழ வாறதை வாசிப்பன், அவ்வளவுதான். இந்தச் சாமானைப் போடவே எனக்குத் தெரியாது."

அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். நஸ்ரி மெல்லத் திரும்பி மேசையைப் பார்த்தான். அறை பளிச்சென்று இருந்தது. மகன் வைத்தது வைத்தபடி இருக்கட்டும் என்று மேசையை மட்டும் யாரும் தொடவில்லை போலும். கீபோர்ட்டில் விரல் தடம் ஒன்றுகூட இல்லாமல் தூசி படிந்து கிடந்தது. கொம்பியூட்டரின் வயரை எலி எப்போதோ துண்டாகக் கடித்துப்போட்டிருந்தது.

"யா அல்லாஹ்!"

கொஞ்ச நேரத்தில் அவனுடைய தொழில் புத்தி துணைக்கு வந்தது. இந்தப் பெட்டிகளின் குணம் அவனுக்குத் தெரியாததா? பக்கத்து வீட்டுக்கும் இதே கம்பத்திலிருந்துதான் கரண்ட். அங்கேயும் இதே மாதிரிப் பெட்டி இருந்தால், அதில் தட்டுவது வயர் வழியாக இங்கே கசிந்து வரலாம். அட பாவி! எவனோ ஒரு வீணாய்ப்போனவன் பெற்ற வயிற்றோடு விளையாடுகிறான்!

நஸ்ரிக்குப் பயம் போய் ஆத்திரம் வந்தது. ஐயாவுக்குக் கொடுத்த வாக்கைக்கூட மறந்துவிட்டான். ஒரு நாள் அழுதாலும் பரவாயில்லை, இந்த இரண்டு பேரும் இனி ஏமாறக் கூடாது. மாடிப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு கீழே வந்தான். குசினியில் கணவனும் மனைவியும் எதிரெதிரே இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். சத்தமில்லாமல் கூடத்துப் பெட்டியையும் பிடுங்கினான். இரண்டையும் பையில் போட்டு ஜிப்பை இழுத்தான். இவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி நிமிர்ந்தான்.

எதிரே கொம்பியூட்டர் திரை தானாக வெளிச்சமானது.

"நஸ்ரி அண்ணா..."

அந்த வீட்டில் யாரும் அவனிடம் பெயர் கேட்கவே இல்லை. எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

"பெட்டி ரெண்டையும் பழையபடி செருகிப்போட்டுப் போங்கோ. எனக்கு அது தேவையில்லை. ஆனா, அது இல்லாம நான் எழுதினா அப்பாவும் அம்மாவும் பயந்துபோவினம்."