ஒரு டம்ளர் சாட்சி

பந்தலூர் பக்கத்து எங்கள் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் லைன் வீடுகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொட்டியைப் பார்த்துக்கொள்வது என் அப்பா ராஜரத்தினம். சோதனைக்கு வந்த அதிகாரி சுத்திகரித்த தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து முகர்ந்து பார்த்தார்.

"இதச் செடிக்கு விடலாமா?"

"குடிக்கவே செய்யலாம் சார்," என்றார் மேனேஜர். "ராஜரத்தினம், குடிச்சுக் காட்டு."

அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த நான் குறுக்கே போனேன். "லைன் வீட்டுக் கக்கூஸ் தண்ணி சார் அது. மொதல்ல நீங்க குடிங்க."

"டிகிரி வாங்குன திமிரு. உங்கப்பனுக்கு வேலை வேணுமா, வேணாமா?"

தேயிலை விலை விழுந்து, பாதிப் பேரை நிறுத்தியிருந்த வருஷம் அது. அப்பா டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்தார். அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

ஜீப் போனதும், வீட்டுக் குழாயில் பிடித்துக் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. பாதியை நான் குடித்துவிட்டு மீதியை நீட்டினேன்.

"வாயக் கொப்புளிச்சுத் துப்புங்கப்பா. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அப்பா அதை வாங்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

"பயப்படாத புள்ள. டீசல் செலவுன்னு மேனேஜர் தொரை ஊத்துத்தண்ணி பம்ப நிறுத்தி நாலு மாசமாச்சு. நம்ம லைன் வீட்டுப் பைப்புல இந்தத் தொட்டித் தண்ணியத்தான் விடச் சொன்னாரு. வெளிய சொன்னா வேலை போயிரும்னாரு."

மீதித் தண்ணீரோடு பாட்டில் என் கையிலேயே இருந்தது.