எடுப்பான கம்மல்

விலை மதிப்பிட வந்த ஓவியத்திலிருந்த பெண்ணைக் கணவன் வைத்த கண் வாங்காமல் பார்த்தது, கூடவே வேலை செய்த மனைவிக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. போலி என்று நிரூபித்தே தீருவதென, ஓவியம் கைமாறி வந்த வீடுகளின் பழைய புகைப்படங்களைத் தேடியெடுத்தாள்.

ஒவ்வொரு வீட்டிலும் ஓவியத்துப் பெண் வேறு கம்மல் அணிந்திருந்தாள். வீட்டுக்காரர் கேமராவை விட்டுவிட்டு அவளையே பார்த்தார். பக்கத்தில் நின்ற அவர் மனைவியின் காது மூளியாக இருந்தது.

"கம்மலை யாரோ மாத்தி மாத்தி வரைஞ்சிருக்காங்க. உங்க அழகி இனிமே அஞ்சு காசுக்குப் பெறமாட்டா!" என்றாள்.

கணவன் ஓவியத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "நான் வாங்கித் தந்த கம்மல் உனக்கு எடுப்பா இருக்கு," என்றான்.

மனைவி தன் காதைத் தடவிப் பார்த்தாள். துளைகூட இல்லை.