பின்னால் வரும் தம்பி

அண்ணன் பாலத்தைக் கடந்துவிட்டான். தம்பி நடுப்பாலத்தில் அப்படியே நின்றான், ஓநாய்கள் சூழ்ந்துகொண்டன. கொஞ்ச நேரத்தில் தம்பி செத்து விழுந்தான்.

நல்லமுத்து அழவில்லை. "சனியன் புடிச்ச மெஷின்" என்று மவுஸை மேசையில் தட்டினான். செத்தது கம்ப்யூட்டர் விளையாட்டுத் தம்பி, ஒரு நிமிடத்தில் எழுந்து வந்துவிடுவான்.

மலையகத்து ஹட்டன் டவுனில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை நல்லமுத்துவுக்கு. கடைக்கு மேலேயே அறை. தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் இருந்த வீட்டார் ஒவ்வொருவராகக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். ஞாயிறு மத்தியானம் கடையை மூடினால் அவனிடம் ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது.

அதனால்தான் ஒரே மெஷினில் இரண்டு மானிட்டர் பூட்டி, ஒன்றில் அண்ணனாகவும் மற்றதில் தம்பியாகவும் இரண்டு ஆளையும் அவனே ஆட்டிவைத்தான். கீபோர்டில் தட்டுவது இரண்டு திரையிலும் போய் விழும்படி ஒரு சின்ன மென்பொருளும் போட்டிருந்தான். முதலில் அது பொழுதுபோக்காக இருந்தது. நிரூபா வந்த பிறகு பொய்யாகிவிட்டது.

நிரூபா அந்த ஆன்லைன் விளையாட்டில் அறிமுகமானவள். யாழ்ப்பாணத்துக்காரி, நுவரெலியாவில் டீச்சர். யுத்தத்தால் ஊருக்குப் போகும் பாதை பூட்டிக் கிடந்த காலம் அது. அவளோடு எப்போதும் அக்கா கௌசியும் வருவாள். பேச்செல்லாம் திரையில் எழுதுவதுதான்.

"நானும் அக்காவும்தான். நீங்கள் தனியவோ?" என்று முதல் நாளே நிரூபா கேட்டாள்.

ஆமாம் என்று எழுத அவனுக்கு வெட்கமாக இருந்தது. "இல்லீங்க, பக்கத்துல தம்பி அழகன் இருக்கான்" என்று எழுதிவிட்டான். கையோடு தம்பியின் வாயாலும் ஒரு வணக்கம் சொல்லவைத்தான்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் நாலு பேரும் சேர்ந்து காடு மலை சுற்றினார்கள். அக்காவும் தங்கையும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டதே இல்லை. ஒருத்தி சொல்லி முடித்த பிறகுதான் மற்றவள் ஆரம்பிப்பாள். நல்ல வளர்ப்பு என்று நல்லமுத்து நினைத்துக்கொண்டான்.

"முந்தி ஒருத்தன் பொய் சொல்லி எங்களோட சேந்தவன். அப்பிடியான ஆக்களை அக்காவுக்குக் கண்ணிலயும் காட்டேலாது" என்று ஒருநாள் நிரூபா சொன்னாள். வாரம் முழுக்க அந்த ஒரு மத்தியானத்தை நினைத்துத்தான் அவன் கடை திறந்துகொண்டிருந்தான். அது போனால் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மெஷினுக்கோ இரண்டு ஆளைச் சுமக்கத் தெம்பில்லை. அண்ணன் ஓடினால் தம்பி திக்கித் திக்கி வந்தான்.

"உங்கட தம்பிக்குக் காலில ஏதும் நோவோ? எப்பவும் பிந்தித்தான் வாறார்" என்று கௌசி கேட்டாள்.

சந்தேகம் வந்துவிட்டது என்று பயந்துபோனான். அடுத்த ஞாயிறு கடையைத் திறக்கவே இல்லை. பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டியவரிடம், "இன்னைக்கு லீவுங்க, தம்பிக்கு சுகமில்ல" என்று சொல்லி அனுப்பினான்.

பிறகு மெஷினைப் பிரித்தான். யாரோ கைவிட்டுப்போன பழைய மெஷினிலிருந்து ரேமைக் கழற்றிப் போட்டான். தம்பியின் திரையில் நிழல், புல், மழை, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்தினான். ப்ராசஸரில் அண்ணனுக்குப் பாதி தம்பிக்குப் பாதி என்று பாகம் பிரித்துக் கொடுத்தான். தம்பியின் உலகம் மொட்டையாகிப் போனது, ஆனால் ஆள் அண்ணனை ஒட்டிக்கொண்டு ஓடினான்.

பின்னேரம் பாலத்தடியில் நிரூபாவும் கௌசியும் காத்து நின்றார்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்தாற்போல் வந்து நின்றதும் நல்லமுத்துவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பேசுவதற்கு முன்னால், தட்டுவதை இரண்டு திரையிலும் போடும் அந்த மென்பொருளை நிறுத்தவேண்டும். எப்போதும் நிறுத்துவான். அன்றைக்கு மறந்துபோனான்.

"என் தம்பிக்கு இப்ப சரியாயிருச்சுங்க" என்றான் அண்ணன்.

"என் தம்பிக்கு இப்ப சரியாயிருச்சுங்க" என்றான், அதே நொடியில், தம்பியும்.

நல்லமுத்து சமாளிக்க இன்னொரு பொய்யைத் தேடிப் பார்த்தான், அகப்படவில்லை. மென்பொருளை நிறுத்திவிட்டு அண்ணனாக மட்டும் எழுதினான்.

"மன்னிச்சுக்குங்க. தம்பின்னு யாரும் இல்லீங்க. ரெண்டு மானிட்டர் வச்சு நானேதான் ரெண்டு பேரையும் ஓட்டுறேன். தனியா இருக்கேன்னு சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு."

கௌசி சட்டென்று மறைந்துபோனாள்.

அடுத்தது நிரூபாதான் என்று நினைத்தான். ஆனால் நிரூபா பாலத்தடியிலேயே நின்றாள்.

"அக்கா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்களா?" என்று எழுதினான்.

நிரூபா பதில் எழுதினாள்.

"இல்லை அண்ணா. என்ர மற்ற மொனிற்றரை நிப்பாட்டிப்போட்டன்."