ரோஜா வைத்த ஐஸ்

"ஞாயித்துக்கெழம எங்க மேனேஜரும் அவரு சம்சாரமும் சாப்பிட வராங்க. அந்த ரோஜாப்பூ ஐஸ் பண்ணு, ரேணு" என்றான் சரவணகுமார். "கேன் தண்ணியிலயே பண்ணு. யாராவது கேட்டா மட்டும் நம்ம போர் தண்ணின்னு சொல்லிடு."

"அது இன்னாத்துக்கு?"

"சும்மா, ஒரு கெத்துதான்."

மகாபலிபுரத்தில், ரேணுகாவின் நகைகளை விற்றுக் கட்டிய வீடு அது. விருந்தாளிகளுக்காகக் கணவன் சுவருக்குப் பெயின்ட்கூட அடித்ததில் அவளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மூன்று நாள் மெனக்கெட்டாள். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, பாதி உறைந்ததும் பன்னீர் ரோஜா இதழை வைத்து, மீதியை மேலே ஊற்றினாள்.

ஞாயிறன்று மேனேஜரின் மனைவி சர்பத்தை விட்டுவிட்டு, ஐஸ் கட்டியை மட்டும் எடுத்து வாயில் போட்டுச் சப்பினார்.

"கண்ணாடி மாதிரி இருக்கேம்மா! எந்தத் தண்ணி?"

"எங்க போர் தண்ணிதாங்க" என்றாள் ரேணுகா பெருமையாக.

அந்தம்மா தன் கணவரிடம் திரும்பினார். "கொஞ்சங்கூட உப்பு இல்லைங்க. முடிச்சுடலாம்." பிறகு ரேணுகாவிடம், "நீங்க எப்பம்மா வீட்டைக் காலி பண்றீங்க?"

ரேணுகா கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

அவள் மேனேஜரின் மனைவி பக்கம் திரும்பினாள்.

"பொய் சொல்லிட்டேங்க. அது கேன் தண்ணி. இருங்க, எங்க போர் தண்ணி ஒரு டம்ளர் கொண்டாறேன். குடிச்சுப் பாருங்க."