எனக்கென்று ஒரு வாள்

முதலில் எடுத்துத் தந்த வாள் என் கையையே கீழே இழுத்தது.

கடைக்காரர் சிரிக்கவில்லை. வயதான வெள்ளைக்காரர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் கண்ணால்தான் வாள் தேடுவார்கள், நீங்கள் மணிக்கட்டால் தேடுங்கள் என்று சொல்லி அதைத் திரும்ப வாங்கி வைத்தார்.

சுவரில் பளபளத்துக்கொண்டிருந்த ஒன்றைக் காட்டினேன். அது அழகுக்கு மாட்டுகிற வாள், ஓங்கி வெட்டினால் பிடிக்குள்ளேயே முறிந்து அலகு தனியாகப் பறக்கும் என்றார். வெட்டப் பழகுவதற்குத் துருப்பிடிக்கிற இரும்புதான் வேண்டுமாம். அந்த இரும்பு பிடிக்குள்ளும் நீளமாக இறங்கியிருக்க வேண்டுமாம்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எனக்கு வாளைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. புவனேந்திரனைப் பற்றித் தெரியும், அது போதும் என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தேன்.

புவனேந்திரன் என் கணவர். சனிக்கிழமை மத்தியானம் ஆனதும் நீளப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜப்பான் வாள் வகுப்புக்குப் போய்விடுவார். சுருட்டி நிறுத்திய கோரைப் பாயை ஒரே வீச்சில் வெட்டிப் பழகுகிற வகுப்பு. நல்ல பாயை எதற்கு வெட்டுகிறீர்கள் என்று நான் பகிடி பண்ணுவேன்.

பாரிஸை விட்டு ஹரோவுக்கு வந்த புதிதில் ஒருத்தருக்கும் முகம் கொடுக்காமல் இருந்தவர், அங்கே சேர்ந்த பிறகுதான் வீட்டில் சிரிக்கவே தொடங்கினார். அந்தச் சந்தோசத்தில் அவர் சொன்ன வாளை நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது கொஞ்சக் காலமாக அந்தச் சிரிப்பு சனிக்கிழமையோடு முடிந்துவிடுகிறது. மற்ற நாள்களில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிற இரண்டு பேர் மாதிரித்தான் நாங்கள்.

அதனால்தான் நானும் பழகுவதென்று முடிவெடுத்தேன். அவருக்குச் சொல்லவில்லை. அடுத்த சனி என் தோளிலும் ஒரு பையோடு வாசலில் நிற்பேன், மனிதர் திகைத்துப்போவார். ஏப்ரலிலிருந்து வளைந்த வாள் விற்பதற்குத் தடை வருகிறது என்று பேப்பரில் வேறு போட்டிருந்தது. இணையத்தில் தேடிப் பிடித்த இந்தக் கடைக்கு, அவர் வகுப்புக்குப் போன கையோடு ரயில் ஏறிவிட்டேன்.

கடைக்காரர் உள்ளே போய் இன்னொரு வாளோடு வந்தார். ஏற்கெனவே ஒருவர் பாவித்ததுதான், ஆனால் கையில் பாரமே தெரியாது என்றார்.

உண்மையாகவே தெரியவில்லை. உறையிலிருந்து உருவியதும் கை தானாகவே உயர்ந்தது. இதுதான் எனக்கு என்று நினைத்தேன்.

பிடிக்குக் கிட்ட ஒரு கறை இருக்கிறது, அதனால்தான் விலைப்படாமல் கிடக்கிறது என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார். எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லையாம். எப்படி வந்தது என்றும் தனக்கு விளங்கவில்லையாம்.

எனக்கு விளங்கியது.

அலகின் குறுக்கே மூன்று கோடுகள். நடுவில் ஒரு வட்டம்.

ஆயுத பூசைக்கு, எங்கள் வீட்டில் இருந்த ஒரே ஆயுதம் என்று, விபூதியைத் தண்ணீரில் குழைத்து மூன்று குறி இழுத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, விடியும்வரை சாமித்தட்டுக்கு முன்னால் விட்டது நான். வேறு எந்த மடைச்சி செய்வாள்? காலையில் பார்த்தால் துரு. கடைசிக் கோடு பாதியில் நிற்பதுகூட அப்படியே இருந்தது, அன்று குழைத்த விபூதி போதாமல் போய்விட்டது.

அதற்காகப் புவனேந்திரன் என்னை ஏசவில்லை. இனிமேல் பையைத் திறக்க வேண்டாம், வெளியிலேயே பொட்டை வை என்று மட்டும் சொன்னார். போன நவராத்திரிக்குப் பைக்குத்தான் பொட்டு வைத்தேன். பைக்குத்தான் கற்பூரம் காட்டி, என் மனிசனைக் காப்பாற்று என்று கும்பிட்டேன்.

இந்த வாள் எப்போது வந்தது என்று கடைக்காரரைக் கேட்டேன்.

இந்தக் கிறிஸ்மஸ் இல்லை, அதற்கு முந்தின கிறிஸ்மஸுக்குக் கொஞ்சம் முன்னால் என்றார். கொண்டுவந்தவரைப் பார்க்கவே பாவமாக இருந்ததாம். வீட்டில் வாள் இருப்பது மனைவிக்குப் பிடிக்கவில்லை, அவளுடைய கரைச்சல் தாங்காமல் வகுப்பையும் விட்டுவிட்டேன் என்று சொன்னாராம்.

என் கரைச்சல். விற்றதைக்கூட விடலாம், பழியை என் தலையில் போட்டு விற்றிருக்கிறார்.

அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் தோள் நோகிறது என்று வந்து படுத்தார். நான் தைலம் தேய்த்துவிட்டேன். போன மாதம்கூட, பார் எவ்வளவு சுத்தமான வெட்டு என்று ஒரு பாய்த் துண்டைக் கொண்டுவந்து காட்டினார். ஊரெல்லாம் பார்க்கட்டும் என்று அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

இன்றைக்கும் அந்தப் பையைத் தூக்கி அவர் தோளில் மாட்டிவிட்டது நான்தான். பாரமாகத்தான் இருந்தது.

வாளைக் கீழே வைக்க மறந்து, மற்றக் கையால் போனை எடுத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் புவனேந்திரன் எடுத்தார்.

"எங்கையப்பா நிக்கிறியள்?"

அவருக்கு மூச்சு வாங்கியது. பக்கத்தில் யாருக்கோ கேட்கக் கூடாது என்பது போல மெதுவாகப் பேசினார்.

"கிளாசில. வாள் கையில கிடக்கு, பிறகு எடுக்கிறன்."