தானாக இறங்காது

"இந்தாண்ணே. இனிமே கீபோர்டு தானா இறங்காது."

தம்பி கேபிளைப் பிடுங்கிவிட்டு போனை அண்ணனின் மடியில் வைத்தான். லேப்டாப்பை மூடக்கூட இல்லை. முகம் தொங்கிப்போயிருந்தது.

அண்ணன் பி.டி. மாஸ்டராக இருந்தவர். மைதானத்தின் மறுமூலையில் ஓடுகிற பையனை விசில் இல்லாமலே திருப்பிவிடுகிற தொண்டை. அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிட்டு, மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை போட்டார்கள்.

மொபைல் ஆப் செய்வதுதான் தம்பிக்குத் தொழில். அண்ணனுக்காக ஒன்று செய்து கொடுத்தான். திரையில் அடித்து, மூலையில் இருக்கும் பட்டனைத் தொட்டால் போன் அதைச் சத்தமாகப் பேசும். 'கடைசியில நானும் வாயில்லாப் பூச்சி ஆயிட்டேன்' என்று அதைப் பேசவைத்து, ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களை மாஸ்டரே சிரிக்கவைத்தார்.

போன் பேசி முடித்ததும் கீபோர்டு தானாகக் கீழே இறங்கிவிடும். சொன்னது திரை முழுக்கப் பெரிதாகத் தெரியும். பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று தம்பிதான் அப்படி வைத்தான்.

வீட்டில் அதுவே வழக்கமாகிப் போனது. கீபோர்டு மேலே இருந்தால் மாஸ்டர் இன்னும் பேசுகிறார். இறங்கிவிட்டால் பேசி முடித்துவிட்டார். யாரும் உட்கார்ந்து போட்ட சட்டமில்லை.

மாஸ்டரோ அவசரக்காரர். முழுசாக அடித்து முடிக்கப் பொறுமை கிடையாது. துண்டு துண்டாகத்தான் பேசுவார். 'சாப்பாடு நல்லாருக்கு' என்று போன் சொல்லும், கீபோர்டு இறங்கும், மனைவி பூரித்துப்போய் அடுப்படிக்குப் போய்விடுவாள். 'உப்புதான் கொஞ்சம் தூக்கல்' என்பதைக் கேட்க ஆள் இருக்காது. அந்த வகையில் கீபோர்டு குடும்பத்துக்கு நல்லதுதான் செய்துகொண்டிருந்தது.

இன்று செய்யவில்லை.

மகளுக்கு வேலை வந்திருந்தது. கப்பல் கட்டும் இடத்தில், வரைபடப் பிரிவில். படிக்கிற காலத்திலேயே நோட்டு அட்டையெல்லாம் கப்பலாக வரைந்து தள்ளியவள். ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊர். அப்பாவின் கழுத்துத் துளையைச் சுத்தம் செய்ய நர்ஸிடம் கற்றுக்கொண்டவளும் அவள்தான். அம்மாவுக்குக் கை நடுங்கும். இன்றைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதால், தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"போகவா வேணாமா, நீங்களே சொல்லுங்கப்பா."

மாஸ்டர் அடித்தார். போன் செய்தி வாசிப்பது போல வாசித்தது: 'நீ போயிட்டா எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்.'

கீபோர்டு இறங்கியது.

மகள் அப்பாவின் தலையைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு போனைக் காதில் வைத்தபடி ஜன்னல் பக்கம் போய், வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். எதிர் சோபாவில் இருந்த தம்பி மட்டும் ஒன்றைப் பார்த்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் அண்ணனின் விரல்கள் திரையை அவசர அவசரமாகத் தட்டின.

அவனுக்கு அது போதும். அண்ணன் சொல்ல வந்ததில் பாதியைத் தன் ஆப் விழுங்கிவிட்டது. அழகு பார்க்கப் போய் ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டான். அந்த இடத்திலேயே கேபிளை மாட்டி உட்கார்ந்து, கீபோர்டை இறக்குகிற வரியைத் தேடி அழித்தான்.

இப்போது அவனே மகளைக் கையைப் பிடித்து அழைத்துவந்து அண்ணனுக்கு எதிரே உட்காரவைத்தான்.

"அப்பா இன்னும் சொல்லி முடிக்கலம்மா, என் ஆப்தான் கெடுத்துடுச்சு. இப்ப கேளு. அவங்க ஆபீஸ் இன்னும் மூடியிருக்க மாட்டாங்க, திரும்பக் கூப்பிட்டுப் பேசிக்கலாம்."

மகள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை. மனைவியும் ஈரக்கையோடு வந்து நின்றாள். கீபோர்டு மேலேயே இருந்தது. மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

மாஸ்டரால் மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தம்பி பாவம். அவன் ஆப் எதையும் விழுங்கவில்லை. மகள் ஜன்னலோரம் போனதுமே மாஸ்டர் திரையைத் தொட்டார், கீபோர்டு வந்துவிட்டது. 'ஆனாலும் நீ போகணும்' என்று முழுசாக அடித்தும் முடித்தார். அந்தப் பக்கத்தில் அவளைக் கொஞ்சம் லைனில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். போனில் பாட்டு ஓடுவது அவருக்கே கேட்டது. கட்டைவிரல் பட்டனுக்கு மேலேதான் இருந்தது. பாட்டு நிற்கும்வரை அங்கேயே இருந்தது.

அவள் 'நான் வரலைங்க' என்று சொன்ன பிறகு, அடித்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார்.

அவள் கட்டிக்கொண்டு அழுதது அவருக்கு இனித்திருந்தது. அதை நினைக்கையில் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பெற்ற பெண்ணுக்குத் தானே குறுக்கே படுத்துக்கொண்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மூன்றே சொல்.

அடித்தார். பட்டனைத் தொட்டார்.

'சொல்ல வந்தது அவ்வளவுதாம்மா' என்றது போன்.

கீபோர்டு இறங்கவில்லை. மகளும் எழுந்திருக்கவில்லை, அடுத்த துண்டு வரும் என்று அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீபோர்டை எப்படி இறக்குவது என்று மாஸ்டருக்குத் தெரியவில்லை. இதுவரை தேவைப்பட்டதில்லை. திரையில் அங்கும் இங்கும் தொட்டுப் பார்த்தார்.

தம்பிதான் எட்டி, ஓரத்தில் இருந்த சின்ன அம்புக்குறியைத் தொட்டு இறக்கிக் கொடுத்தான்.