மூன்றாவது படம்

“மஜீது பாய் செய்யுத வேலையா இது?” என்றாள் உச்சிமாகாளி.

அவள் புருஷன் பரமசிவன் இட்லியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“காலைல லாட்ஜுல சாமி படத்துக்குப் பூ வைக்கப் போனா, மூணாவது படத்துல மூக்கு முட்ட நிக்காரு. நேத்தும் அப்படித்தான் நின்னாரு.”

குற்றாலத்தில் பரமசிவன் லாட்ஜ் வராந்தாவில் வரிசையாக ஆறு படங்கள். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால், லண்டன்காரர்களைத் திருத்தியே தீருவது என்று எவனோ செம்புத் தகட்டில் கீறி அச்சடித்தவை. மெயினருவிக்குக் குளிக்க வந்த துரை ஒருத்தன், தண்ணீர் தலையில் விழுந்த வேகத்தில் தன் பேரையே மறந்து, படங்களையும் விட்டுவிட்டு ஊருக்குப் போனான் என்று கேள்வி.

முதல் படத்தில் அப்பன் சொத்து மகன் கைக்கு வருகிறது. ஆறாவதில் அவன் சொந்த வீட்டு வாசலிலேயே பிச்சைக்கு நிற்கிறான்; வளர்த்த நாய் குரைக்கிறது. மூன்றாவது, சாராயக் கடை. அவன் டோப்பாவை ஒருத்தி மாட்டியிருக்கிறாள், கோட்டை இன்னொருத்தி. அவர்கள் உடுத்தியிருக்க வேண்டியதெல்லாம் நாற்காலி மேல் கிடக்கிறது.

“பாத்துத் திருந்தட்டும்னுதானே மாட்டுனேன்,” என்றார் பரமசிவன்.

லாட்ஜ் மேனேஜர் அப்துல் மஜீதை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள்.

“பாய், மூணாவது படத்துல அப்படி என்ன இருக்கு?”

“தூசிதான்க்கா. துடைச்சேன்.”

“தூசி அது ஒண்ணு மேல மட்டுந்தான் விழுமோ?”

மஜீது முதலாளியைப் பார்த்தார். முதலாளி காலண்டரைப் பார்த்தார்.

“வாயத் தொறந்து சொல்லும்.”

“பாத்துட்டேன்னே வச்சிக்கிடுங்கக்கா.”

“பேரன் எடுக்கப் போற வயசுல...” பரமசிவன் தலையில் அடித்துக்கொண்டார். “நாலு குடும்பம் வந்து தங்குத எடம்வே இது.”

“சாவிய வச்சிட்டுப் போங்க பாய்,” என்றாள் உச்சிமாகாளி.

“அடுத்த மாசம் மகளுக்குப் பிரசவம்க்கா. வேற வேலைக்கு எங்கன போவேன்?”

“அந்த நெனப்பு படம் பாக்கும்போது இருந்திருக்கணும்.”

மஜீது சாவியை மேஜையில் வைத்துவிட்டு முதலாளியை இன்னொரு தடவை பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் காலை பரமசிவனே போய் லாட்ஜைத் திறந்தார். சீசன் முடிந்து ரூமெல்லாம் காலி. கொஞ்ச நேரம் கழித்துப் பூவோடு வந்த உச்சிமாகாளி, மூன்றாவது படத்துக்கு எதிரே நின்றுவிட்டாள்.

கண்ணாடியில், ஈரம்கூடக் காயாமல், வெள்ளையாக மூன்று கோடு. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். திருநீறு.

திரும்பிப் புருஷனின் நெற்றியைப் பார்த்தாள். அங்கே பாதிதான் இருந்தது.

“மஜீது பாய்க்குப் போனப் போடுங்க,” என்றாள். “தெனமும் இதத் துடைக்க எனக்கு நேரம் கெடையாது.”